அப்பாவின் கண்ணாடி சுட்ட பட்டு

கடைக்காரர் ஓர் இழையை உருவிக் கொளுத்தினார். "முடி கருகுற வாசனை வருது பாருங்கம்மா, சுத்தப் பட்டு."

எனக்கா பட்டு தெரியாது? இந்த நாற்றத்தால்தான் சித்தப்பா எங்கள் வீட்டை விட்டே போகப் பார்த்தார்.

நான் சிறுமியாக இருந்தபோது, பட்டு நெய்கிற அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு தடித்த கண்ணாடி. ஒரு மதியம் அதைத் தறியில் பாவின் நீள இழைகளுக்கு மேலே கட்டிய குறுக்குக் கயிறுகள்மேல் படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பினால் கருகல் நாற்றம்; தடவிப் பார்த்தால் அரக்கு நிறப் பாவில் நாலு இழை கருகியிருந்தது.

"பீடியால சுட்டியாடா? வெளிய போ!"

"இன்னிக்கு பீடியே புடிக்கலண்ணா." சித்தப்பா சட்டையை மாட்டினார்.

கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே இறங்கிய வெயில் அப்பாவின் கண்ணாடி வழியாகப் பாவில் கடுகளவாகக் குவிந்திருந்தது. நான் கத்தினேன். "உன் கண்ணாடிதான்பா சுடுது!"

பார்ப்பதற்காக அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டினார். வெளிச்சப் புள்ளி போய்விட்டது.

"எங்கடி? ஒண்ணும் இல்லியே."

எரிச்சலில் அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைத்து, அவர் கையை அடியில் இழுத்துப் பிடித்தேன். "ஐயோ!" என்று உதறினார்.

அப்பா மன்னிப்புக் கேட்கிற ஆளில்லை. அறுந்த இழையைப் பிறர் தொடவும் விடமாட்டார். அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய்விட்ட சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"வாடா, நீயே முடிச்சு போடு. எனக்குக் கண்ணு தெரியல."