காய்ச்சின வெள்ளம்

எனக்குக் கிட்டப்பார்வை மிக அதிகம். மூக்குக் கண்ணாடி போட்டும், பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் முகம் தெரியாது. சென்ற ஆண்டு சென்னையில் ஒரு டாக்டர், கருவிழியின் மேலேயே வைக்கும் சிறு வில்லைகளைக் கொடுத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் வில்லையை அலசி வைக்கச் சொன்னார்.

இரணியலுக்குத் திரும்பிய மறுநாள், பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் அண்ணன் மனைவியிடம் கேட்டேன்.

"மைனி, காய்ச்சின வெள்ளம் இருக்கா?"

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்.

"செம்புல ஆத்தி வச்சிருக்கேன், எடுத்துக்க."

அதில் அலசி, வில்லையை வலது கண்ணில் வைத்தேன். மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. இமைகள் இறுக மூடிக்கொண்டன. வில்லையை எடுக்க வராமல் பதறிப்போய்க் கண்ணைக் கசக்கிவிட்டேன்.

"இது என்ன வெள்ளம் மைனி?"

"சீரக வெள்ளந்தான். நாம வேற எதக் குடிக்கோம்?" மைனி ஓடி வந்தார்.

பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனாலும், எங்கள் வீட்டில் காய்ச்சின வெள்ளம் என்றால் சீரகம் போட்டதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கருவிழியில் கீறல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். புண் ஆறிவிட்டது. விளக்கைப் பார்த்தால் அந்தக் கண்ணில் மட்டும் இன்னும் புகைபோல் ஒரு மங்கல்.

இப்போது வெறும் நீரைத் தனிப் பாத்திரத்தில் நானே காய்ச்சுகிறேன். வில்லையைத் தொடுமுன் அந்த நீரில் கொஞ்சம் குடித்துப் பார்க்கிறேன். சப்பென்று இருந்தால்தான் கண்ணுக்கு. நான் விழுங்கித் தலையாட்டும்வரை, மைனி அடுக்களை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.