ஒரு தரம் கூப்பிட்டால்

இரண்டு வருடங்களுக்கு முன், யூலை மாத விடுமுறையில் பரோ தீவுகளுக்குப் போயிருந்தோம். அவையும் டென்மார்க்கைச் சேர்ந்தவைதான். ஆனாலும் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் இருபத்தைந்து வருடமாக இருக்கும் எங்களுக்கு அது வேறு உலகம். எரிமலை கக்கிய குழம்பு அடுக்கடுக்காக இறுகி உருவான தீவுகள். கறுத்த பாறை, அதன்மேல் பச்சைப் புல், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை.

மூன்றாம் நாள் பகல், முழங்கால் வலியென்று மனைவி காரிலேயே இருந்துவிட்டா. நானும் பதினான்கு வயது மகளும் கடலோரச் சரிவில் நடந்தோம். பறவைகளைப் படம் எடுக்கவேண்டும் என்று அவள் மேற்பாதையால் போனாள். நான் கீழ்ப்பாதையில் மெதுவாக வந்தேன். அவளுடைய மஞ்சள் மழையங்கி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்து நிமிர்ந்தேன். மஞ்சளைக் காணவில்லை. சரிவையே காணவில்லை. கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனியில் நீட்டிய என் கைகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா ஒரு தரம் கூப்பிட்டால், செய்வதைப் போட்டுவிட்டு உடனே வரவேண்டும்; ஏன் என்று கேட்கக் கூடாது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில், விமானச் சத்தம் கேட்டதும் எங்களைப் பதுங்குகுழிக்கு ஓடவைத்த சட்டம் அது. குண்டே விழாத நாட்டில் பிறந்த பிள்ளைக்கும் அதைப் பழக்கியிருந்தேன். டெனிஷ் மொழியில் முணுமுணுப்பாள், ஆனால் வந்துவிடுவாள்.

"பிள்ளை, இங்கால வா" என்று கத்தினேன்.

"வாறன் அப்பா."

மிகக் கிட்டத்தில் கேட்டது. ஆனால் அவள் வந்து சேரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இம்முறை பதில் என் காலுக்குக் கீழிருந்து வந்தது. அடுத்தது கடல் பக்கமிருந்து. ஒரு பிள்ளையின் குரல் மூன்று திசைகளில். இன்னும் பலமாகக் கத்தினேன்.

பின்னாலிருந்து யாரோ என் தோளை இறுக்கிப் பிடித்தார். ஆடுகளைப் பார்க்க வந்த ஊர்க்காரர், நாயோடு நின்றார். டெனிஷில் மெதுவாகச் சொன்னார்: "கூப்பிடாதே. உனக்கும் அவளுக்கும் நடுவில் நிலம் இல்லை."

கடலிலிருந்து தரையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்த ஆழமான பிளவு ஒன்று அங்கே இருந்ததாம். அதன் ஒரு கரையில் நான். மேற்பாதை சுற்றிக்கொண்டுபோன மறு கரையில் அவள், என் குரலை நோக்கி நேராக வந்துகொண்டிருக்கிறாள். அவளைப் புல்லில் இருக்கச் சொல், பிறகு வாயே திறக்காதே, உன் குரல் கேட்டால் எழும்பிவிடுவாள் என்றார். மேலால் சுற்றிப் போய் அழைத்துவருவதாகச் சொல்லி, நாயோடு பனிக்குள் மறைந்தார்.

"பிள்ளை, அதிலயே இரு. நான் கூப்பிட்டாலும் எழும்பாத."

பதில் இல்லை. இருந்தாளா, விழுந்தாளா? கீழே எங்கோ தண்ணீர் பாறையில் அறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, நிக்கிறீங்களா?" என்று கேட்டது. அந்தக் குரல் பாறைகளில் பட்டு, வேறு யாரோ அவளைப்போலக் கதைத்துப் பார்ப்பதுபோலத் திரும்பத் திரும்ப வந்தது. எது என் பிள்ளை என்றே தெரியவில்லை. என் மழையங்கியின் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு, பேசாமல் நின்றேன்.

கடைசியில் நாய் குரைத்தது. பனிக்குள்ளிருந்து மஞ்சள் நிறம் மெல்ல வெளிவந்தது.

பனி விலகிய பிறகு பார்த்தோம். இரண்டு பக்கமும் கறுத்த சுவர்கள், அடியில் வெள்ளை நுரை. பறவைகள் எங்களுக்குக் கீழே பறந்தன. எதிர்க்கரையில் அவள் இருந்த இடத்தில் புல் நசிந்திருந்தது. விளிம்புக்கு இரண்டு எட்டு.

ஏன் அவ்வளவு கிட்ட வந்தாய் என்று கேட்டேன்.

"நீங்கள்தானே கூப்பிட்டீங்கள்" என்றாள்.

ஆட்டுக்குட்டிகளும் இப்படித்தான் விழும், தாய் எதிர்க்கரையில் நின்று கத்தும்போது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பிள்ளையை என்னிடம் வரவைப்பதுதான் காவல் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது வீட்டில், சாப்பிட வா என்று மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட வாய் திறந்தாலே அந்தக் கறுத்த பிளவு காலடியில் தெரிகிறது. ஒன்றும் பேசாமல் படியேறிப் போய் அவளுடைய அறைக் கதவைத் தட்டுகிறேன்.