தொடைக்குள் ஒரு மூட்டை

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பில் எங்காவது புடைத்திருந்தால், என்ன நோய், என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. "பழைய பீஸோ?" என்றுதான் கேட்பார்கள். ஷெல் துண்டுகளைச் சதைக்குள் வைத்துக்கொண்டே வயல் உழுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் ஒட்டுசுட்டானில் வேண்டியளவு பேர் இருக்கிறார்கள். அதனால் என் வலது தொடையில் உள்பக்கமாக ஒரு கட்டி தலைகாட்டியபோது, நானும் அதைப் பீஸ் என்றே முடிவு கட்டினேன்.

முடிவு கட்டியதோடு நிற்கவில்லை. கதையும் கட்டினேன். கடைசிச் சண்டையில் பங்கருக்குள் பாயும்போது அந்தத் தொடையில் எனக்கு அடிபட்டது உண்மை. ஆனால் அடித்தது ஷெல் இல்லை. உள்ளே மனைவி வைத்திருந்த சோற்றுப் பானையின் மேல்தான் விழுந்தேன். தேத்தண்ணிக் கடையில் அதைச் சொல்ல முடியுமா? அங்கே அது ஷெல்லாக மாறிவிட்டது. கட்டி வளர வளர ஷெல்லும் பெரிதாகிக்கொண்டு போனது. இரண்டு வருடத்தில் தேங்காயளவுக்கு வந்துவிட்டது. ஷெல்லைச் சொல்லவில்லை, கட்டியைச் சொல்கிறேன். நோகவில்லை. நோகாத ஒன்றுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இடுப்பில் சாரம் கட்டினாலும் வெளியே தெரியும் நிலை வந்ததும் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரும்பு என்று ஒரு குண்டூசி கூட உள்ளே இல்லை.

"அப்ப இவ்வளவு நாளும் ஊருக்கு விட்ட கதை?" என்றாள் மனைவி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

ஸ்கான் எடுத்து, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கொழுப்புக் கலங்கள்தான் இருக்கின்றன என்று முடிவு வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஊரிலோ, "உனக்குக் கொழுப்பு எண்டு கண்டுபிடிக்க ஊசி வேணுமோ?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்காதவர் டொக்டர் ஒருவர்தான். என் மூத்த மகளின் வயது இருக்கும் அவருக்கு.

"ஐயா, ஸ்கானில அடிப்பக்கம் வேற மாதிரித் தெரியுது. அங்க இருந்தும் ஊசியில எடுத்துப் பாக்கவேணும்."

"ஒருக்கா எடுத்தாச்சே பிள்ளை. கொழுப்பு எண்டு எழுத்திலயே வந்திட்டுது."

"எடுத்த இடத்தில கொழுப்பு. எடுக்காத இடத்தில என்ன எண்டு எனக்குத் தெரியாது."

எனக்கு இன்னொரு ஊசியில் விருப்பமில்லை. யோசித்துச் சொல்வதாக எழும்பினேன். மனைவி எழும்பவில்லை.

"டொக்டர், இவர் போன வருசம் நெல்லு வித்த விதத்தைச் சொல்லட்டே?" என்று தொடங்கினாள்.

நெல் வாங்க வரும் யாவாரி கூரான குழாய்க் கம்பி ஒன்றை மூட்டைக்குள் குத்துவார். கம்பியோடு வரும் நெல்லை உள்ளங்கையில் கொட்டி, ஈரம் பார்த்து, கடித்தும் பார்ப்பார். அந்த முறை மழையில் நனைந்த நெல் கொஞ்சம் என்னிடம் இருந்தது. அதை மூட்டைகளின் அடியில் போட்டு, காய்ந்ததை மேலே நிரப்பி வைத்திருந்தேன். யாவாரி முதலில் மேலே குத்தினார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு மூட்டையைச் சரித்து அடியிலும் குத்தினார். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"இவற்ற கட்டியும் இவரைப் போலத்தான் இருக்கும். அடியில குத்துங்கோ டொக்டர்," என்று கதையை முடித்தாள் மனைவி. டொக்டர் முதன்முறையாகச் சிரித்தார். நான் திரும்பவும் கதிரையில் இருந்தேன்.

அடியில் இருந்தது புற்றுநோய். கொழுப்புத் திசுவில் வரும் வகை. ஒரே கட்டிக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கலங்கள் குடியிருந்தன. மேலே இருந்தவை நல்ல கொழுப்பைப் போலவே வேடம் போட்டவை, மெல்ல ஆறுதலாக வளர்பவை. அடியில் இருந்தவை வேடத்தையும் கழற்றி எறிந்துவிட்டு வேகமாக வளர்பவை. நரம்பை ஒட்டியிருந்தால் கால் தப்புவது கடினம் என்றார் டொக்டர். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் நான் ஒரு பகிடியும் விடவில்லை. மனைவி பயந்துபோனாள். "ஏதாவது கதையுங்கோவன்," என்று இரண்டு தரம் கேட்டாள்.

கால் தப்பியது. கட்டியைச் சுற்றியிருந்த நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்டியெடுத்தார்கள். பிறகு பல நாள் கதிர்ச் சிகிச்சை. என் தொடையில் இப்போது சின்ன வாய்க்கால் ஒன்று ஓடுகிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, "இனி வராதுதானே டொக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பேனையை மேசையில் வைத்தார். "ஐயா, அந்தக் கட்டிக்குள்ள சிலது என்னவா வளருறது எண்டு இன்னும் முடிவெடுக்காத கலங்கள். ஸ்டெம் செல் மாதிரி. தொகையில கொஞ்சம்தான். ஆனா ஒண்டு ரெண்டு தப்பினாலும், கனநாள் சும்மா கிடந்திட்டு, பிறகு எல்லா வகையையும் திருப்பி உண்டாக்கக்கூடும் எண்டு ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் நினைக்கினம். இன்னும் முழுசாத் தெரியாது. அதால வராது எண்டு நான் சொல்லமாட்டன். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாங்கோ, பாப்பம்."

அறுபது வயது வரைக்கும் ஒரு முடிவும் எடுக்காமல் திரிந்தவன் நான். என் உடம்புக்குள் அப்படிப்பட்ட கலங்கள் இருந்ததில் அதிசயமில்லை. ஆனால் அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

முதல் பரிசோதனை கார்த்திகையில் வந்தது. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. "இண்டைக்கு ஒண்டும் இல்லை," என்றார் டொக்டர். இன்றைக்கு என்ற சொல்லை அவர் விடவேயில்லை. வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"மாசி வரைக்கும் ஒண்டும் இல்லை எண்டு நினைக்கிறன். மாசியில வந்து கேட்டிட்டு, அங்கால நினைப்பம்."

மாசிக்கு ஆஸ்பத்திரியில் தந்த திகதியில்தான் எங்கள் வயலுக்கு வெட்டு மெஷின் வருவதாக இருந்தது. அதைத் தவறவிட்டால் மெஷின் மற்றவர்களின் வயலுக்குப் போய்விடும். திரும்பி வர ஒரு கிழமைக்கு மேலாகும். விளைந்த நெல் அதுவரை மழைக்கும் யானைக்கும் தப்பவேண்டும். மனைவி நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சாட்டுச் சொல்லி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவேன், அதற்குத் தான் என்ன சொல்லி மறிக்கலாம் என்று யோசித்திருப்பாள்.

நான் போனை எடுத்து மெஷின்காரப் பெடியனை அழைத்தேன்.

"தம்பி, அண்டைக்கு எனக்கு வேலை இருக்கு. மெஷினை மற்ற ஆக்களிட்ட விட்டிட்டு, கடைசியா வாங்கோ."

போனை வைத்தபோது மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கவில்லை.