பாவாவைப் பிடிக்காத கை

சடுகுடுவுக்குக் கையில் பலம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எங்கள் திருத்தணிக் குழுவில் பலத்துக்கு என்ன குறைச்சல்? நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருத்தன் இருந்தான். ஆடிப் பழகும்போது அவன் என் கணுக்காலைப் பிடித்துவிட்டால் அப்புறம் அசைய முடியாது. அவனை நம்பித்தான், குழுத் தலைவனான நான், அரக்கோணத்தை ஒரு தடவையாவது ஜெயித்துவிடத் துடித்தேன்.

அரக்கோணத்தில் கெட்டிக்கார ஆட்டக்காரர் ஒரு ரயில்வேக்காரர். எங்கள் மூட்டைக்காரனின் பெரிய அக்காளைக் கட்டியவர். அவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்ததும் இவன் மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

"புட்றா" என்று கத்தினேன்.

"எப்டிங்க? எங்க பாவாங்க. காலப் புட்ச்சி மண்ணுல தள்ளிட்டு, அக்கா வூட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு போறது?"

அவனை வேறு மூலையில் நிறுத்தினேன். பாவாவும் அந்த மூலைக்கே வந்தார். வேடிக்கை பார்த்த கூட்டமாவது அவனைத் திட்டக் கூடாதா? "மரியாத தெரிஞ்ச புள்ள" என்று மெச்சியது. தோற்றோம். அடுத்த வருஷமும் அதே கூத்து. தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு எனக்கும் அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்தது. மூட்டைக்காரனின் சின்ன அக்காளை எனக்குக் கட்டிவைத்தார்கள். அந்த வருஷம் அரக்கோணத்துக்காக, திருத்தணியை எதிர்த்து இறங்கினேன்.

கடைசியில் எங்கள் பக்கம் நான் ஒருத்தன், அந்தப் பக்கம் அவன் ஒருத்தன். அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வெற்றி எங்களுக்கு. பாடிக்கொண்டே போனேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படி ஜெயிப்பதற்கா இத்தனை வருஷம் ஆடினேன்? பாட்டை விடாமல் அவன் முன்னால் காலை நீட்டிக் காட்டினேன்.

"தொட்டுட்டுப் போங்க பாவா. மூச்சு வாங்குது பாருங்க" என்றான் கரிசனத்தோடு.

"காலப் புட்றா, மடையா."

பாட்டு அறுந்துவிட்டது. நான் அவுட்.

அரக்கோணம் தோற்றது. திருத்தணிக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தலைவனாக இருந்தபோது என்னால் வாங்கிக் கொடுக்க முடியாத வெற்றியை எதிர்ப்பக்கம் நின்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மேலிருந்தபடியே குனிந்து கெஞ்சினான்.

"நான் உங்களத் தொடவே இல்ல பாவா. அக்காகிட்ட சொல்லிடுங்க."