தீர்த்தம் காயும் வரை

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏறுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஏற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பிறகு நிறுத்துவதுதான் பெரும்பாடு.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிராமமொன்றில் நான் முன்பள்ளி ரீச்சர். எங்கள் கிணறுகள் உவர். குடிதண்ணீர் பவுசர் வண்டியில் வரும். ஒருநாள் இரண்டு தட்டுகளில், ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் பவுசர் தண்ணீரும் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைத்தேன். என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"காகம் குடிக்கும்" என்றான் ஒருவன்.

"நினைக்கிறதைச் சொல்லலாம். ஆனால் காயுமட்டும் பாத்துத்தான் முடிவு சொல்லவேணும்" என்றேன்.

காய்ந்ததும் கிணற்றுத் தட்டில் வெள்ளை படிந்திருந்தது. ஆளுக்கொரு விரல் வைத்து நக்கினார்கள். உப்பு. அவர்கள் போட்ட கூத்தில் நானும் சேர்ந்து ஆடினேன், பொய் சொல்வானேன்.

அடுத்த நாளே இளநீர், சொதி, சவர்க்காரத் தண்ணீர் என்று முற்றம் முழுக்கத் தட்டுகள். ஒருத்தி விழுந்து அழுதபோது இன்னொருத்தி ஓடிவந்து அவள் கன்னத்தடியில் தட்டைப் பிடித்தாள். அழுதவளும் தட்டுக்கு வாகாக முகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பக்கத்துக் கோயிலின் மத்தியானப் பூசைக்குக் கூட்டிப்போவது வழக்கம். அங்கே பூசை செய்யும் ஐயாதான் முன்பள்ளியை நடத்தும் சங்கத்துக்கும் தலைவர். என் வேலை அவர் கையில். மூக்கு நுனியில் கோபம் உள்ள மனிதர். அந்த வாரமும் அவர் தீர்த்தம் கொடுத்தார். என் பிள்ளைகள் குடிக்கவில்லை. பொத்திய கையோடு வெளியே போய், சுடுகிற வாசற்படியில் ஊற்றிவிட்டுச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

"தீர்த்தத்தைக் காலடியிலை ஊத்தவோ படிப்பிக்கிறீர்?" என்று ஒரு அம்மா என்னைப் பிடித்தார். ஐயா செம்போடு வாசலுக்கு வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வேலை தேடலாம். ஆனால் அந்த வானரக் கூட்டத்தை விட்டுவிட்டு இருக்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை ஐயா செம்போடு முன்பள்ளிக்கே வந்துவிட்டார். முற்றத்தில் கிடந்த பிள்ளைகளின் குட்டிக் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்.

"கோயில் தீர்த்தத்திலை உப்பு இருக்கெண்டு ஆர் சொன்னது?"

அன்று கன்னத்தடியில் தட்டுப் பிடித்த அந்தச் சின்னவள் எழும்பினாள்.

"ஒருதரும் சொல்லேல்லை ஐயா. காயிறதுக்கு முந்தி ஆக்கள் மிதிச்சுப்போட்டினம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பயத்தோடு சேர்ந்து வரும் சிரிப்பை அடக்குவது மகா கொடுமை. ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செம்பிலிருந்த தீர்த்தத்தில் கொஞ்சம் ஒரு தட்டில் ஊற்றி, தானே வெயிலில் வைத்தார்.

"ஐயா, உங்கடை நிழல் விழுது. தள்ளி இருங்கோ" என்றது ஒன்று.

கதிரையை நகர்த்தித் தள்ளி இருந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குந்தினார்கள். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் வற்றி, ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் விரலை வைத்தது ஐயாதான். நாக்கில் தொட்டார்.

"ஓம்" என்றார். "உப்புத்தான்."

முற்றம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர் கதிரையிலிருந்து கஷ்டப்பட்டு எழும்பி என்னிடம் வந்தார்.

"ரீச்சர், வாற வெள்ளிக்கிழமை படியிலை ஊத்தவேண்டாம் எண்டு சொல்லும். தட்டு நான் வைக்கிறன்."