கதவில் தெரிந்த மஞ்சள் புடவை

போன மாதம் ஒரு பெண்ணை அழித்துவிட்டேன்.

பதறாதீர்கள்... போட்டோவிலிருந்துதான்!

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், எழுத்து எனக்குப் பாதி வேலை. மீதிப் பாதி, கார்களைப் படம் எடுப்பது. வில்லியனூர் வட்டாரத்தில் யாராவது காரை விற்க வேண்டும், வாடகைக்கு விட வேண்டும், புது வண்டியை ஸ்டேட்டஸில் போட்டு சகலையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும்... எதுவானாலும் எனக்குத்தான் போன் வரும். அடக்கமாகச் சொல்வதென்றால் — எதற்கு அடக்கம்? நன்றாகவே எடுப்பேன்.

அப்படிப் போன் செய்தவர்தான் தனலட்சுமி. உறுவையாறுக்காரர். என் மகள் படித்த பள்ளியில் வருஷக்கணக்கில் வேன் ஓட்டியவர். அந்த வேலையை விட்டுவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் போட்டு, சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். அரக்கு நிறம். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். ஓட்டப் போவதும் அவரே.

"தை பொறக்கறதுக்குள்ள போட்டோ வேணும்ண்ணா. இந்த முகூர்த்தத்த வுட்டா வண்டி வூட்டு வாசல்லயேதான் நிக்கும். ஸ்கூல்ல வேற ஆள் போட்டுட்டாங்க, திரும்பியும் போக முடியாது" என்றார்.

கார் போட்டோவில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கார் என்பது சக்கரம் வைத்த கண்ணாடி. எதிரில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். கரண்ட் கம்பம், டீக்கடை பெஞ்ச், வேடிக்கை பார்க்கிறவரின் லுங்கி — எல்லாம்!

அதனால் வண்டியை நெல் காயவைக்கும் சிமென்ட் களத்துக்குக் கொண்டுபோனோம். சுற்றிலும் வயல்தான். சூரியன் இறங்கி, வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறதே... அதுதான் காருக்கு நல்ல நேரம். தரையில் தண்ணீர் தெளித்தோம். தரை கறுத்தால் வண்டி எடுப்பாகத் தெரியும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நீளமான எல்.இ.டி. விளக்கைப் பிடித்தபடி வண்டியை ஒட்டி மெதுவாக நடக்க வேண்டும். கூரைக்குத் தனியாக, பானெட்டுக்குத் தனியாக, கதவுகளுக்குத் தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் நல்ல பகுதிகளை மட்டும் ஒன்றாக அடுக்கினால் — ஷோரூம் தோற்றம்!

விளக்கைப் பிடித்து நடந்தவர் தனலட்சுமி. இந்த வேலைக்குக் கறுப்பு உடையில் வந்தால்தான் வண்டியில் ஆள் தெரியாது. அவரோ மஞ்சள் பட்டுப் புடவையில் வந்து நின்றார். "வண்டிக்கு மொதோ போட்டோவாச்சே, கறுப்பையா கட்டிக்கினு வருவாங்க?" என்று என்னையே கேட்டார்.

கதவு முழுக்க மஞ்சள். அரை நாள் உட்கார்ந்து, அந்தப் புடவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், அரக்கு நிறக் கதவில் வெளிச்சம் ஒரே கோடாக ஓடியது. எனக்கே என் கையை முத்தமிடத் தோன்றியது.

வாட்ஸ்அப் குரூப்களில் படம் சுற்றியது. மறுநாளே தனலட்சுமிக்குப் போன்கள். நான் வெற்றி விழாவுக்கே தயாராகிவிட்டேன்.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"இன்னா தனம், போன் கால் வரலியா?"

"கால் வருதுண்ணா. கல்யாணம்தான் வரல."

அந்த நேரம் பார்த்து ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டார். மாப்பிள்ளையின் மாமா பேசினார்.

"வண்டி சூப்பரா கீதும்மா. மாப்ள அழைப்புக்கு வேணும். டிரைவர் நம்பர் குடு."

"நான்தாங்க டிரைவர்."

"நீயா?" என்றார். அப்புறம், "ஆம்பள ஆளு யாரும் இல்லியா? மாப்ள ஏறணுமே... சரி, வூட்ல கேட்டுட்டு சொல்றேன்."

எல்லாப் போனும் இப்படித்தான் முடிந்ததாம். வூட்ல கேட்கப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நம் பிள்ளைகளை இவரை நம்பித்தானே வருஷக்கணக்கில் வேனில் ஏற்றி அனுப்பினோம்? மாப்பிள்ளை மட்டும் என்ன, கண்ணாடியில் செய்தவரா?

கோபத்தோடு கம்ப்யூட்டரைத் திறந்து, அழிப்பதற்கு முன்னால் இருந்த படத்தைக் காட்டினேன். கதவின் வளைவில் தனலட்சுமி நீண்டு நெளிந்து, கையில் விளக்கோடு நின்றார்.

"அய்ய... முருங்கக்கா மாதிரி கீறேன்!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "என்னைய பக்கத்துல நிக்க வெச்சு வேற ஒண்ணு எடுண்ணா. வேணாங்கறவன் பாத்துட்டு போனே பண்ண மாட்டான். வேணுங்கறவன் மட்டும் பண்ணட்டும்."

அப்படி யாருமே இல்லையென்றால்? கேமரா பையை எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் அதே களம். அதே மஞ்சள் புடவை — இந்த முறை காருக்கு முன்னால், சாவியோடு. என் மனைவி வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்து, வானத்து வெளிச்சத்தை அவர் முகத்துக்குத் திருப்பினாள். கம்ப்யூட்டரில் காரைப் பாலிஷ் செய்தேன். படத்தில் அவர் முகத்தையும் திருத்தப் போனபோது தடுத்துவிட்டார். "நேர்ல வேற மாதிரி இருந்தா ஏமாத்தறான்னு சொல்லுவாங்க."

படத்துக்குக் கீழே, 'வண்டி ஓட்டுபவர்: தனலட்சுமி' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன்.

போன் நின்றுவிட்டது.

சத்தியமாகப் பயந்துவிட்டேன். பழைய படத்தையே திரும்பப் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "வாணாம்" என்று ஒரே வார்த்தை. பொங்கல் முடிந்தது. வண்டி வாசலிலேயே நின்றது.

அப்புறம் ஒரு நாள் கடலோர நல்லவாட்டிலிருந்து போன். படகு வைத்திருக்கிற குடும்பம். பெண்ணின் அம்மா பேசியதைத் தனலட்சுமி எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"ஏம்மா, காரு பக்கத்துல நிக்கறது நீதானா? நீயேவா ஓட்டுவ?"

"ஆமாம்மா, நானேதான்."

"அப்ப பொண்ணு அழைப்புக்கு நீயே வந்துடு. பெரியவ கல்யாணத்துல டிரைவரு குடிச்சிட்டு வந்துட்டான். நகையெல்லாம் போட்டு அவன்கூட புள்ளைய அனுப்பிட்டு, மண்டபம் போய் சேர்ற வரிக்கும் என் உசுரு எங்கிட்ட இல்ல."

யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை ஏறுவாரா, மாப்பிள்ளை ஏறுவாரா என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணத்தில் பெண் என்று ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு ஓர் அம்மா இருக்கிறாள் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை!

பெண் அழைப்புக்குக் காரைப் படமெடுக்க நானும் போயிருந்தேன். தனலட்சுமி ஓட்டி வந்து நிறுத்திய அழகைப் பார்த்து, அங்கேயே இரண்டு அம்மாக்கள் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேருமே பெண்ணைப் பெற்றவர்கள். தனலட்சுமியின் கண் கலங்கியது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்?

மறுநாள் காலை தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை வெளியே வந்தார். தனலட்சுமி கதவைத் திறந்துவிட்டார். பெண் ஏறினாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் ஏறினார்... டிரைவர் ஆணா பெண்ணா என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்!