நைனா பார்த்த பக்கம்

டிகிரி முடித்து ஆறு மாதம் கருங்குழி வீட்டில் சும்மா இருந்தேன். வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் நைனா ஒருவர்தான். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஆட்களை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை ஸ்டாண்டில் காத்திருப்பதே அவர் வேலையில் பாதி. என் முதல் பக்கத்தை முதலில் அவர்தான் பார்க்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கையில் இருந்தது கல்லூரிக் காலத்து லேப்டாப். வீடியோவில் ஒருவர், பக்கத்தைத் திறந்து காட்டும் சர்வர் என்ற சாஃப்ட்வேரை ஐந்து நிமிடத்தில் ஏற்றி ஓட்டிக் காட்டினார். எனக்கு மூன்று நாள் ஆனது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஏதோ திட்டியது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். கடைசியில் பார்த்தால், சர்வர் உட்கார வேண்டிய போர்ட் என்கிற வாசல் எண்ணில் வேறொரு சாஃப்ட்வேர் முன்பே துண்டு போட்டு வைத்திருந்தது. எண்பது என்றிருந்ததை எட்டாயிரத்து எண்பது என்று மாற்றினேன். பச்சை நிறம் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நைனாவின் வேன் படம், அது போகும் ஊர்கள் என்று நீல நிறத்தில் ஒரு பக்கம் செய்தேன். மேலே தெரிந்த முகவரியை, லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்குவதை, அப்படியே நகலெடுத்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“பாத்தேம்மா. ரொம்ப நல்லா கீது. ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் காமிச்சிகினு கீறேன்.”

அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் பாடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்த முகவரி அந்தந்த மெஷினையே குறிக்கும். என் பக்கம் என் லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கும். நைனாவின் போனில் எதுவும் வந்திருக்காது. என் அசட்டுத்தனத்தைவிட அவர் சொன்ன பொய்தான் சுட்டது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் பஸ் மாறி மாமல்லபுரம் போனேன். வேனின் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்தே சர்வரை ஓட்டிப் பக்கத்தைத் திறந்தேன். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஊர்ப் பெயர்களை விரல் வைத்துப் படித்தார்.

“நம்ம வண்டி,” என்றார். பிறகு குழம்பினார். “இன்னாம்மா, அன்னிக்கு அனுப்பினது இது இல்லியே?”

“அன்னிக்கு இன்னா பாத்தே நைனா?”

போனில் அந்த முகவரியைத் தொட்டுக் காட்டினார். வெள்ளைத் திரை. இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதற்கு மேலே, பக்கம் திறக்காதபோது பிரவுசரே போடும் மூலை மடிந்த சின்னக் காகிதப் படம் ஒன்று, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“இந்த மூஞ்சி நீ வரைஞ்சதுன்னு நெனச்சேன். சின்னப்புள்ளைல கோவம் வந்தா நீ இப்டிதான் வெச்சிகினு இருப்பே. எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

இரண்டு நாளாக வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, சாய்ந்துகொண்டேன்.

“ஆமா நைனா,” என்றேன். “அதுவும் நான் வரைஞ்சதுதான்.”